கூடுதலாக வந்த ஒரு கட்டு

(போடியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில், மலையடிவாரக் குழுக்கள் ஐந்தின் சார்பில் பேசியது. பேசியபடியே எழுதித் தரப்பட்டுள்ளது.)



எங்களைப் பேசச் சொன்னபோது, "சேமிப்பைப் பத்திப் பேசுங்க, இல்லாட்டி கடன் திருப்பிக் கட்டுறதைப் பத்திப் பேசுங்க" என்றுதான் சொன்னார்கள். அதை நீங்கள் நிறையக் கேட்டுவிட்டீர்கள். நாங்கள் எங்கள் ஐந்து குழுக்களிலும் சென்ற தீபாவளிக்கு நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வந்திருக்கிறோம். இதில் எங்களுக்குப் பெருமையும் கொஞ்சம் உண்டு, வெட்கம்தான் அதிகம். ஒரு சகோதரியைப் பற்றியும் இதில் பேச்சு வரும். இங்கே பேசப்போகிறோம் என்று அவருக்கு முன்னாலேயே சொல்லி அனுப்பினோம். "பேர் சொல்லாமப் பேசுங்க" என்று பதில் வந்தது. அதனால் பெயரையும் சொல்ல மாட்டோம், எந்தக் குழு என்றும் சொல்ல மாட்டோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாரும் கேட்கவும் வேண்டாம்.

விஷயம் இதுதான். தீபாவளிக்குச் சேலையை ஆளுக்கொன்றாகக் கடையில் எடுத்தால் விலை கூடுதல். ஐந்து குழுவும் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் குறையும். எழுபத்தோரு பேர் பெயர் கொடுத்தோம். சிலர் தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று எழுதியதில் 120 சேலை ஆனது. மதுரையில் ஒரு மொத்தக் கடை. கடை பெயர் இங்கே தேவையில்லை. சேலை ஒன்று 340 ரூபாய். மொத்தம் 40,800. பாதிப் பணம் முன்னால் கட்டினோம். மீதியைப் பண்டிகை முடிந்து தருவதாகப் பேச்சு. நம்மிடம் அடமானம் என்ன இருக்கிறது, குழு என்ற பெயரைத் தவிர? அந்தப் பெயருக்குத்தான் 20,400 ரூபாய் சரக்கைக் கடனாகக் கொடுத்தார்கள்.

பார்சல் ஆபீசிலிருந்து லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினோம். ராத்திரி எட்டு மணிக்குப் பிரித்தோம். கட்டுக்கு 24 சேலை. பில்லில் ஐந்து கட்டு. இறக்கி வைத்ததோ ஆறு கட்டு.

இரண்டு தடவை எண்ணினோம். மூன்றாம் தடவை எழுத்தர் தங்கச்சி நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். 144.

இப்போது நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் 24 புதுச் சேலை, யாரும் கேட்காதது, பில்லில் இல்லாதது. விலை 8,160 ரூபாய். முதலில் என்ன பேசியிருப்பீர்கள்? "கடைக்குப் போன் போடு" என்றா? நாங்கள் அப்படிப் பேசவில்லை. உள்ளதைச் சொல்கிறோம், அன்று ராத்திரி பத்தரை மணி வரைக்கும் 24 சேலையை 71 பேருக்கு எப்படிப் பிரிப்பது என்றுதான் பேசினோம். குழுவுக்கு நாலு கொடுத்தால் இருபது, மீதி நாலு யாருக்கு? சீட்டுக் குலுக்கலாமா? வித்துப் பணமாக்கி ஐந்து குழுவுக்கும் பொதுச் சேமிப்பில் போடலாமா? அந்தக் கணக்கில் இருந்த கவனம் எங்களுக்கு வட்டிக் கணக்கில்கூட இருந்ததில்லை.

அப்போதுதான் ஒரு வயசான அக்கா, காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர், சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, குடோன்ல நம்ம முன்னால கொட்டுன காயில அடுத்த மூட்டைக் காய் கலந்துபோச்சுன்னா என்னம்மா செய்வீக? முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வருவீகளா?"

நம் ஊரில் இதைவிடச் சுருக்கமாகக் கேட்க முடியாது. போடியில் பாதி வீட்டு அடுப்பு எரிவது ஏலக்காயால்தான். விடியக் காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறிப் போகிறவர்களும் நாம், கீழே குடோனில் உட்கார்ந்து பருமன் வாரியாக, நிறம் வாரியாகப் பிரிக்கிறவர்களும் நாம். ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு உண்டு. போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிற கம்ப்யூட்டர் ஏலத்தில் அந்தச் சீட்டு நம்பரை வைத்துத்தான் சரக்கு யாருடையது, பணம் யாருக்கு என்பது எல்லாம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விலை விற்றபோதுகூட நாம் கை நிறைய அள்ளி அளைந்த காயை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். சில இடத்தில் நம்மைச் சோதனை போட்டு அனுப்புவார்கள். அதற்கு நமக்கு எவ்வளவு கோபம் வரும்! "எங்களை என்னன்னு நெனச்சீங்க" என்று சண்டை போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்த அக்கா கேட்டதும் எங்களுக்கு நினைவு வந்தது அதுதான்.

ஆனாலும் உடனே ஒத்துக்கொண்டோமா என்றால், இல்லை. எதிர்ப் பேச்சு வந்தது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒரு சகோதரி எழுந்தார். "போன வருஷம் இதே கடையில எடுத்த சேலை நாலு பேருக்குச் சாயம் போச்சு. ஒரே துவைப்புல கந்தலாச்சு. மாத்திக் கேட்டதுக்கு, பில்லு பழசாயிருச்சுன்னு தொரத்திவிட்டாக. அப்ப நம்ம 340 ரூவா அவுகளுக்கு ஒட்டிக்கிருச்சுல்ல? இப்ப அவுக சேலை நமக்கு ஒட்டுனா மட்டும் பாவமா?" என்றார். அந்த நாலு பேரில் அவரும் ஒருவர். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த மாதம் முழுக்க மழையால் மலைக்கு வேலை சரியாக இல்லை. அவர் பெயருக்கு ஒரு சேலைதான் எழுதியிருந்தார், அதுவும் மூத்த பெண்ணுக்கு.

இன்னொருவர், "மதுரையில நாலு மாடிக் கடை. 24 சேலை அவனுக்கு ஒரு பொருட்டா? கணக்குல எலி கடிச்சதா எழுதிட்டுப் போவான்" என்றார். வேறொருவர், "சாமி குடுத்தது" என்றார். சாமி பில் போட்டு அனுப்பாது, கட்டுப் போடுகிற ஆள்தான் தப்பு செய்வார் என்று அதற்குப் பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம். அன்று முடிவு ஆகவில்லை. ஆறாவது கட்டைத் தலைவி வீட்டு பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தோம்.

இப்படியே மூன்று நாள் போனது. இந்த மூன்று நாள்தான் எங்கள் தப்பு. பின்னால் சொல்கிறோம்.

இரண்டாம் நாள், ஒரு உறுப்பினரின் மகள் தேனியில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். அவளிடம் கேட்டோம். அவள் சொன்னது இது: "பெரியம்மா, கடை பெருசுதான். ஆனா இருப்புல கொறைஞ்சா மொதலாளி சட்டையிலயா பிடிப்பாக? அந்த செக்சன்ல நின்னவுக, கட்டுப் போட்டவுக, பில்லு பாத்தவுக, எங்க சம்பளத்துலதான் கைய வைப்பாக." சம்பளச் சட்டத்தில், ஊழியரின் கவனக் குறைவால்தான் சரக்கு போனது என்றால்கூட, அவரிடம் விளக்கம் கேட்காமல் பிடித்தம் செய்யக் கூடாது என்று இருக்கிறது. எத்தனை கடையில் கேட்கிறார்கள்? நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார ஒரு இருக்கை போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021ல் தனியாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நாலு மாடி என்று நாம் பேசுகிறோம். அந்த மாடிப் படியில் சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் விசாரித்தோம். இலவச சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உதவி உண்டு, 1987ஆம் வருஷச் சட்டப்படி. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் பேசுவார்கள். அங்கே வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். 1872ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட ஒப்பந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன் 72ஆவது பிரிவு, தவறுதலாகப் பணமோ பொருளோ ஒருவர் கைக்கு வந்தால் அவர் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது. அனுப்பியவர் கவனக் குறைவாக அனுப்பினார் என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது. நூற்றைம்பது வருஷமாக இதுதான் சட்டம்.

"அப்ப இது திருட்டா?" என்று பயந்து கேட்டோம். தெரியாமல் வந்து சேர்ந்தது குற்றம் இல்லை என்றார். எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பதும் குற்றம் இல்லை. யாருடையது என்று தெரிந்த பிறகும், நாணயமில்லாமல் அதை நமதாக்கிக் கொள்வது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆவது பிரிவு. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பழைய சட்டத்தில் இரண்டு வருஷம் வரை என்றுதான் இருந்தது, ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது புதிதாகச் சேர்ந்தது.

அவர் இரண்டு சம்பவம் சொன்னார். பேப்பரில் வந்ததுதான், நீங்களும் படித்திருப்பீர்கள். 2023 செப்டம்பரில், சென்னையில் வாடகைக் கார் ஓட்டுகிற பழனிப் பக்கத்துக்காரர் ஒருவரின் கணக்கில் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியிலிருந்து 9,000 கோடி ரூபாய் தவறுதலாக வரவானது. அவர் கணக்கில் அதற்கு முன் இருந்தது 105 ரூபாய். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தார். நிஜமா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். போய்ச் சேர்ந்தது! கொஞ்ச நேரத்தில் வங்கி மீதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு வக்கீல்களை வைத்துப் பேசி, அந்த 21,000-ஐத் திருப்பித் தர வேண்டாம் என்று முடித்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அவருக்கு அப்படி முடிந்தது. பீகாரில் ககாரியா மாவட்டத்தில் 2021ல் ஒருவர் கணக்கில் ஐந்தரை லட்சம் தவறி வந்தது. பிரதமர் அனுப்பிய பணம் என்று நினைத்துச் செலவு செய்துவிட்டேன், தர முடியாது என்றார். வங்கி எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. போலீஸ் கைது செய்தது. இரண்டு பேருக்கும் பணம் வந்தது ஒரே மாதிரிதான். கேட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு உடனே சந்தேகம். "அப்ப கேக்காமயே பார்சல அனுப்பிட்டுப் பணங்கேட்டாலும் நாமதான் குடுக்கணுமா?" நல்ல கேள்வி. அது வேறு, இது வேறு. வெளிநாட்டில் சில கம்பெனிகள் வேண்டுமென்றே கேட்காத பொருளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "திருப்பி அனுப்பலையே, பணம் கொடு" என்று மிரட்டிப் பிழைத்தன. அதை ஒடுக்கத்தான் அமெரிக்காவில் 1970லும் இங்கிலாந்தில் 1971லும் சட்டம் போட்டு, அப்படி வந்த பொருளை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அது வேண்டுமென்று செய்கிற தந்திரத்துக்கான தண்டனை, கை தவறிய ஆளுக்கானது இல்லை. நம் ஊரிலும் நாம் கேட்காத பார்சலைக் கொண்டுவந்து, "அம்மா, 499 ரூவா குடுங்க" என்று வாசலில் நின்றால் வாங்காதீர்கள். வீட்டில் வேறு யாராவது ஆர்டர் போட்டார்களா என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்லாததாலேயே வாங்கிக்கொண்டதாக ஆகாது. ஆனால் பிரித்து உபயோகித்துவிட்டால் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

போனில் வருகிற பணத்துக்கும் ஒரு எச்சரிக்கை. "அக்கா, தெரியாம உங்க நம்பருக்கு 5,000 போட்டுட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்று அழுகிற குரலில் ஒருவர் பேசுவார். பாவம் என்று உடனே அனுப்பாதீர்கள். முதலில் பணம் நிஜமாக வந்ததா என்று பாஸ்புக்கில் பாருங்கள், மெசேஜை நம்பாதீர்கள். வந்திருந்தால் தொடாமல் வைத்துக்கொண்டு வங்கியில் போய் எழுதிக் கொடுங்கள், அவர்கள் மூலமாகத் திரும்பிப் போகட்டும். ஏமாந்துவிட்டால் 1930க்கு உடனே போன் செய்யுங்கள். நல்ல மனசை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறோம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறோம்.

நான்காம் நாள் காலையில் கடைக்குப் போன் செய்தோம். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம், வேறென்ன? எடுத்தவர், "எண்ணிப் பார்க்க மூணு நாளாம்மா? எடுத்த மிச்சத்தைச் சொல்றீங்களா?" என்று கேட்டார். போனைப் பிடித்திருந்த செயலாளர் தங்கச்சிக்கு முகம் சுண்டிப்போனது. கோபம் வந்தது. ஆனால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் மூன்று நாள் உண்மைதானே.

அன்று ராத்திரியே போன் செய்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது. அந்த மூன்று நாளில் மதுரையில் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கட்டு கம்பத்தில் ஒரு சின்னக் கடைக்காரருக்குப் போக வேண்டியது. பணம் கட்டிவிட்டு அவர் தினமும் போன் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். தீபாவளி நெருக்கத்தில் ஒரு நாள் வியாபாரம் போனால் போனதுதான். கட்டுப் போட்ட பையனிடம், உன் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பையனே பிறகு எங்களிடம் பேசினான். உசிலம்பட்டிப் பக்கம். "நீங்க சொன்னதால பிடிக்கலக்கா" என்றான். "இன்னும் ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா திட்டு வாங்காம இருந்திருப்பேன்" என்றும் சொன்னான். சொல்லட்டும், அவனுக்கு உரிமை இருக்கிறது.

கூடலூருக்கு மேலே மலையில் இருக்கிற கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமிக்கு நம்மில் பலர் போகிறோம். அந்தக் கண்ணகி கதையான சிலப்பதிகாரத்தில் காவிரிப்பூம்பட்டினத்தில் வெள்ளிடை மன்றம் என்று ஒரு இடம் வருகிறது. பெயரும் எண்ணும் எழுதிய மூட்டைகள் அங்கே கிடக்கும். கதவும் இல்லை, காவலும் இல்லை. எவனாவது மூட்டையைத் தூக்கினால், அதைத் தலையில் சுமந்தபடியே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான், இறக்கி வைக்க முடியாது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இதைச் சொன்னபோது எங்களுக்கு பீரோ மேல் இருந்த கட்டுதான் ஞாபகம் வந்தது. அந்த மூன்று நாளும் தலைவி அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பீரோவைத்தான் பார்த்தார்களாம். சேலையை எடுத்துக்கொள்ளவும் இல்லை, நிம்மதியாகத் தூங்கவும் இல்லை என்றார்.

திருப்பி அனுப்பும் செலவைப் பற்றியும் பேச்சு வந்தது. "நீங்களே பார்சல் போட்டு விடுங்க" என்றார் கடைக்காரர். தப்பு உங்களுடையது, வாடகையும் உங்களுடையது என்று சொன்னோம். சரக்கு இறக்கும் இடத்தில் கடைக்காரர் வாடகை கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. திருப்பித் தருவது நம் கடமை, அதற்குக் கைக்காசு போட வேண்டியது இல்லை.

அதே போனில் சாயம் போன நாலு சேலையையும் கேட்டோம். இதை எங்களுக்குள் தீர்மானமாக எழுதி வைத்துத்தான் கேட்டோம். அவர்கள் தர வேண்டியதை வெளிப்படையாக, சத்தமாகக் கேட்க வேண்டும், அவர்கள் கை தவறியதில் ரகசியமாக ஈடு கட்டிக்கொள்ளக் கூடாது என்று. அந்தச் சகோதரி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதிதான் சரியில்லை. நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள புகாருக்குக் கட்டணமே இல்லை, 1915 என்று போன் நம்பரும் இருக்கிறது என்று சொன்னோம். இழுத்தடித்து, கடைசியில் இரண்டு சேலை தர ஒத்துக்கொண்டார். நாலு கேட்டு இரண்டு. எங்களுக்குத் திருப்தி இல்லை, இருந்தாலும் வாங்கிக்கொண்டோம்.

இனி வெட்கப்பட வேண்டிய பகுதி.

கட்டைத் திருப்பி அனுப்ப இறக்கி எண்ணியபோது 23தான் இருந்தது. முதல் நாள் ராத்திரிப் பேச்சில், "எப்படியும் பிரிக்கத்தான் போறோம்" என்று நினைத்து ஒரு சேலை கைமாறியிருக்கிறது. அந்த எதிர்ப் பேச்சுப் பேசிய சகோதரிதான் எடுத்துப் போயிருந்தார். ஒளித்து எடுக்கவில்லை. நாலைந்து பேர் பார்க்கத்தான் எடுத்தார், ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாளே ரவிக்கைத் துண்டை வெட்டித் தைக்கக் கொடுத்துவிட்டார். வெட்டிய சேலையைக் கடை எடுக்காது. 23 சேலையும் 340 ரூபாயும் அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

அப்போது கூட்டத்தில் ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். எந்த வார்த்தை என்று உங்களுக்கே தெரியும். யாரும் அவரைத் தடுக்கவில்லை. 24 சேலையையும் பங்கு போடக் கணக்குப் பார்த்த நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒருவர் கத்தரிக்கோல் வைத்ததால் மற்ற எழுபது பேரும் யோக்கியர் ஆகிவிட்டோம். அது போதாதென்று, அந்த 340 ரூபாயை அவர் பெயரில் உள்கடனாக எழுதினோம், வட்டியோடு. அவர் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று கூட்டமாக வரவில்லை. சேமிப்புப் பணம் மட்டும் பிள்ளையிடம் கொடுத்து விடுகிறார்.

கடைக்குச் சரியாக நடந்துகொண்ட நாங்கள் எங்களில் ஒருவருக்கு அப்படி நடக்கவில்லை. இது எங்களுக்கு உடனே உறைக்கவில்லை. கடைக்கார அண்ணன் "எடுத்த மிச்சத்தைச் சொல்றீங்களா" என்று கேட்டபோது எங்கள் எல்லோருக்கும் எப்படிக் குத்தியது! ஒரு சந்தேகத்துக்கே அப்படி என்றால், பத்துப் பேர் முன்னால் வார்த்தையாகவே கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த வெற்றிலை போடுகிற அக்காதான் மறுபடியும் கேட்டார்.

இரண்டாவது கூட்டத்தில் தீர்மானத்தை மாற்றி எழுதினோம். அந்த 340 ரூபாய் சேலை எடுத்த எழுபத்தோரு பேருக்கும் பொது. ஆளுக்கு ஐந்து ரூபாய், மொத்தம் 355. கடன் பக்கத்தில் அவர் பெயரை அடித்து, தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மீதி 15 ரூபாயைப் பொதுக் கணக்கில் வரவு வைத்திருக்கிறோம். வார்த்தையைச் சொன்னவர் தானாகவே எழுந்து, தப்பு தன்னுடையது என்றார். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

கடை தந்த இரண்டு சேலையில் ஒன்றை, சாயம் போன மற்ற மூன்று பேரும் பேசி, அவருக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். இன்னொன்றுக்கு அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கினார்கள். அவருடைய சேலை மதுரையிலிருந்து வந்த கவரோடு அதே பீரோவில் இருக்கிறது. பிள்ளையிடம் கொடுத்து விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வேலை இல்லை. காலையில் பத்து மணிக்கு நாங்கள் ஆறு பேர், அந்த வார்த்தையைச் சொன்னவரும் சேர்ந்து, தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறோம்.